சைவக்காரர் வெயிட் தூக்கினா புரோட்டீனுக்கு எங்க போறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன கிழமை உங்கட பேப்பர்ல ஆரோக்கியப் பக்கத்தில தசையை வளர்க்கிறதுக்கு என்ன சாப்பிடவேணும் எண்டு ஒரு கட்டுரை வந்திருந்தது. முட்டை வெள்ளைக்கரு, கோழி நெஞ்சுப் பக்கத்து இறைச்சி, சூரை மீன் எண்டு ஒவ்வொண்டுக்கும் இத்தனை கிராம் எண்டு கணக்கெல்லாம் போட்டு எழுதிப்போட்டு, கடைசியில ஒரே ஒரு வரியில, சைவ உணவு சாப்பிடுறவை பருப்பு வகைகளைச் சேர்த்துக்கொள்ளலாம் எண்டு முடிச்சிருந்தீங்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். எந்தப் பருப்பு, எவ்வளவு, எந்த நேரம், காணுமா காணாதா எண்டு ஒண்டும் இல்லை. வெள்ளவத்தையில, பம்பலப்பிட்டியில, கொட்டாஞ்சேனையில மச்சம் தொடாத வீடு எத்தனை இருக்கு, அந்த வீடுகள்ல இப்ப எத்தனை பொடியளும் பொம்பிளையளும் ஜிம்முக்குப் போகினம், அவையெல்லாம் உங்கட பேப்பரைத்தான் வாசிக்கினம், அவைக்கு ஒரு வரி காணாது.

நான் வெள்ளவத்தையில இருக்கிற, ஐம்பது வயசைத் தாண்டின பொம்பிளை. பிறந்ததில இருந்து சைவம், முட்டையும் இல்லை, பாலும் தயிரும் மட்டும் எடுப்பன். எலும்பு அடர்த்தி குறைஞ்சுகொண்டு போகுது எண்டு ஸ்கான் எடுத்துப் பார்த்த டொக்டர், நடக்கிறது மட்டும் காணாது, பாரம் தூக்கிற பயிற்சி செய்யவேணும் எண்டு சொன்னதால ஜிம்முக்குப் போகத் தொடங்கினன். அங்க முதல் கேள்வியே முட்டை சாப்பிடுவீங்களா எண்டதுதான். இல்லை எண்ட உடனே சொல்லிக்குடுக்கிற தம்பி, அப்ப கஷ்டம் அன்ரி, புரோட்டீன் பவுடர்தான் எடுக்கவேணும் எண்டு ஒரு பெரிய டின்னைக் காட்டினார். அவர் கெட்ட எண்ணத்தில சொல்லேல்லை, அவருக்குப் படிப்பிச்சது அவ்வளவுதான். ஆனா இதே பதிலைத்தான் எங்கட ஆக்கள் எல்லாரும் ஒவ்வொரு ஜிம்மிலயும் கேக்கினம். பாதிப் பேர் ஒளிச்சு முட்டை சாப்பிடத் தொடங்கினம், மிச்சப் பேர் சைவத்தில இருந்துகொண்டு இதெல்லாம் சரிவராது எண்டு விட்டுட்டுப் போகினம், ரெண்டுமே தேவையில்லாத வேலை.

முதல்ல எவ்வளவு வேணும் எண்டு பாப்பம். சும்மா இருக்கிற ஆளுக்கு ஒரு கிலோ உடம்பு நிறைக்கு 0.8 கிராம் புரோட்டீன் காணும் எண்டுதான் பொதுவான கணக்கு. பாரம் தூக்கிறவைக்கு 1.2 இல இருந்து 2 கிராம் வரைக்கும் சொல்லுகினம். 2018 இல 49 ஆய்வுகளை ஒண்டாச் சேர்த்துப் பாத்து ஒரு கட்டுரை வந்தது, அதில 1.6 கிராமுக்கு மேல போனா தசை வளர்றதுக்கு மேலதிகமா பெரிய பிரயோசனம் இல்லை எண்டுதான் வந்தது. அப்ப 60 கிலோ இருக்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு 72 இல இருந்து 96 கிராம் வரைக்கும். ஜிம்ல சில பொடியள் 150, 200 எண்டு கதைக்கிறதைக் கேட்டுப் பயப்பிடத் தேவையில்லை.

இப்ப எங்கட வீட்டுச் சாப்பாட்டைப் பாருங்கோ. காலமை இடியப்பமும் சொதியும் சம்பலும், எல்லாம் சேர்த்து எட்டு ஒன்பது கிராம் வரும். மத்தியானம் கோப்பை நிறையச் சோறு, அதில ஒரு எட்டு கிராம், அதுக்கு மேல ரெண்டு கரண்டி பருப்பு, அதில மூண்டு நாலு கிராம், கத்தரிக்காய், பூசணிக்காய், ஒரு வறை, அப்பளம், அதெல்லாம் சேர்த்தாலும் ஒரு மூண்டு கிராம். இரவு பிட்டு, திரும்ப ஒரு எட்டு. இடையில ரெண்டு பால் தேத்தண்ணி. கூட்டிப் பாத்தா நாற்பது கிராமைத் தொடுறதே பெரிய பாடு. சும்மா இருக்கிற ஆளுக்கே காணாத கணக்கு இது, இதை வைச்சுக்கொண்டு பாரம் தூக்கினா உடம்பு எதை வைச்சுத் தசை கட்டும்?

ஆனா இதில பிழை சைவத்தில இல்லை, அளவிலதான். எங்கட கோப்பையில சோறுதான் சாப்பாடு, பருப்பு அதுக்கு நனைக்கிற குழம்பு. மைசூர்ப் பருப்பு காயாய் 100 கிராமில 24 கிராம் புரோட்டீன் இருக்கு, அவிச்சா தண்ணி ஏறி 100 கிராமுக்கு ஒன்பது கிராம் வரும். அப்ப தடிப்பா அவிச்ச பருப்பு ஒரு கப் நிறைய, ஒரு 200 கிராம் எடுத்தா 18 கிராம். தேங்காய்ப்பாலையும் தண்ணியையும் விட்டு நீர்ப்பருப்பா வைச்சு மேல ஊத்திச் சாப்பிடுறதில அதில காற்பங்குதான் வருது. நான் இப்ப செய்யிறது, சோத்தைப் பாதியாக் குறைச்சு அந்த இடத்தில பருப்பைக் கெட்டியா வைக்கிறது. வேற ஒரு வித்தையும் இல்லை. முதல் கொஞ்ச நாள் வயிறு ஊதும், வாயு வரும், உண்மைதான், அதனால ஒரேயடியாக் கூட்டாம கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டவேணும், உள்ளி, இஞ்சி, பெருங்காயம் சேர்க்கவேணும், கடலை, கௌபி எண்டா இரவே ஊறப்போட்டு அந்தத் தண்ணியை ஊத்திப்போட்டுப் புதுத் தண்ணியில நல்லா அவிக்கவேணும்.

கடலையைப் பற்றித் தனியாச் சொல்லவேணும். கொண்டல் கடலை அவிச்சது ஒரு கப்பில 14, 15 கிராம் புரோட்டீன் இருக்கு, பயறு அவிச்சது ஒரு கப்பிலயும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், கௌபியும் அப்பிடித்தான். நவராத்திரிக்கு ஒவ்வொரு நாளும் கோயில்ல கையில குடுக்கிற கடலையும், காலிமுகத்திடல்ல வண்டிலில தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளிச்சு விக்கிற கடலையும் எங்களுக்குப் புதுச் சாப்பாடு இல்லையே. ஆனா அதை நாங்கள் பிரசாதமாவும் பொழுதுபோக்காவும்தான் வைச்சிருக்கிறம், காலமைச் சாப்பாடா வைக்கிறேல்லை. சிங்கள வீடுகள்ல காலமையில அவிச்ச கௌபியோ பயறோ, தேங்காய்ப்பூவும் கட்டைச் சம்பலும் வைச்சுச் சாப்பிடுற பழக்கம் இருக்கு, எங்கட பக்கத்து வீட்டு அக்கா அப்பிடித்தான் பிள்ளையளை ஸ்கூலுக்கு அனுப்புறவ. அந்தப் பழக்கம் எங்களுக்கும் நல்லாப் பொருந்தும்.

பிறகு சோயா மீற். இதைக் கதைச்சா எங்கட ஆக்கள் கொஞ்சம் முகம் சுழிக்கினம், மச்சம் மாதிரி இருக்கு எண்டு. எண்ணெய் எடுத்த சோயா மாவில செய்யிற இந்தச் சாமானில காய்ஞ்ச நிலையில கிட்டத்தட்ட அரைவாசி புரோட்டீன், அதாவது 50 கிராம் எடுத்தா 25 கிராம். சைவச் சாப்பாட்டில இவ்வளவு குறைஞ்ச அளவில இவ்வளவு கிடைக்கிறது வேற ஒண்டிலயும் இல்லை எண்டே சொல்லலாம். எல்லாக் கொம்பனியும் ஒண்டில்லை, சிலதில கோதுமை மாவைக் கலந்து விக்கினம், அதனால பைக்கற்றைத் திருப்பி 100 கிராமுக்கு எவ்வளவு புரோட்டீன் எண்டு பாத்து வாங்குங்கோ. கோழி ருசி, இறால் ருசி எண்டு வாறதுகளை விட்டுட்டு, என்ன சேர்த்திருக்கு எண்டதை வாசிச்சு சாதாரணமானதை எடுங்கோ. உள்ளுக்கு வாற மசாலாப் பைக்கற்றில உப்புக் கூட, பிரஷர் இருக்கிறவை அதை எறிஞ்சுபோட்டு வீட்டுத் தூளைப் போட்டுச் சமைக்கலாம். சோயாவைப் பற்றிப் பொடியளுக்கு ஒரு பயமும் இருக்கு, ஆம்பிளைத்தன்மை குறையும் எண்டு. ஆம்பிளையளை வைச்சுச் செய்த ஆய்வுகளை ஒண்டாச் சேர்த்துப் பாத்ததில சோயா டெஸ்டோஸ்டெரோன் எண்ட ஆம்பிளை ஹோர்மோனைக் குறைக்கிறதா வரேல்லை, அதனால அந்தப் பயத்தை விடலாம். ஒண்டு மட்டும், தைரொய்ட் குளிசை எடுக்கிறவை அந்தக் குளிசையையும் சோயாவையும் ஒரே நேரத்தில எடுக்கக்கூடாது, சோயா குளிசையை உடம்பு உறிஞ்சுறதைக் குறைக்கும், இடையில நல்ல இடைவெளி விடவேணும்.

பால் எடுக்கிறவைக்கு இன்னும் லேசு. ஒரு கிளாஸ் பாலில ஆறு ஏழு கிராம், ஒரு கப் தயிரில ஏழு எட்டு கிராம். 2021, 2022 இல பால்மாவுக்கு நாங்கள் எல்லாரும் வரிசையில நிண்டதை மறக்கேலாது, அதுக்குப் பிறகு கன வீட்டில பால் குறைஞ்சு பிளேன்ரீ பழக்கமாப் போச்சு. வாங்க வசதி இருந்தா கொழுப்பு நீக்கின பால்மா நல்லது, அதில 100 கிராமுக்கு 35 கிராம் வரைக்கும் புரோட்டீன், அதில 30 கிராமைத் தண்ணியில கரைச்சுக் குடிச்சா பத்துக் கிராம் கிடைக்கும். பால் ஒத்துக்கொள்ளாத ஆக்கள் எங்கட பக்கம் நிறையப் பேர், அவைக்குச் சில வேளை தயிர் ஒத்துக்கொள்ளும், ஏனெண்டா புளிக்கேக்க லக்ரோஸ் எண்ட பால் சீனியில ஒரு பங்கு போயிடும். அதுவும் சரிவராட்டி சோயாப்பால், அதை உறைய வைச்சுச் செய்யிற டோஃபு எண்டு போகலாம், கொழும்பில பெரிய சூப்பர் மார்க்கெட்டில கிடைக்குது, ஆனா அதின்ட விலை எல்லாருக்கும் கட்டாது.

கச்சான் ஒரு கைபிடி, 30 கிராம் எடுத்தா ஏழு கிராம், ஆனா எண்ணெய் நிறைய இருக்கிற சாமான், மெலிய நினைக்கிறவை அளந்து சாப்பிடவேணும்.

அப்ப ஒரு நாளைக்குச் சேர்த்துப் பாப்பம். காலமை ஒரு கப் கடலையும் ஒரு கிளாஸ் பாலும், மத்தியானம் கொஞ்சச் சோத்தோட ஒரு கப் கெட்டிப் பருப்பும் தயிரும், பின்னேரம் கச்சான், இரவு சோயா மீற் கறியோட ரெண்டு ரொட்டியோ கொஞ்சப் பிட்டோ. கிட்டத்தட்ட 90 கிராம் வருது. முட்டையும் இல்லை, பவுடரும் இல்லை. எல்லாம் வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்துக் கடையிலயே வாங்கக்கூடிய சாமான், மாசத்துக்கு ஒருக்காப் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருப் பக்கம் போய் மொத்தமா வாங்கினா இன்னும் குறையும்.

இதை மூண்டு நேரத்துக்கும் பிரிச்சு வைச்சிருக்கிறதைக் கவனியுங்கோ, அதில விஷயம் இருக்கு. தசை கட்டுற வேலையைத் தொடக்கி விடுறது லியூசின் எண்டு ஒரு அமினோ அமிலம், அமினோ அமிலம் எண்டது புரோட்டீனைக் கட்டுற சின்னத் துண்டு, லியூசின் பாலில கூட, பருப்பில கொஞ்சம் குறைவு, அதனால சைவக்காரர் ஒரு நேரத்துக்கு 25, 30 கிராம் எண்டு கொஞ்சம் தாராளமாவே எடுக்கவேணும், காலமை வெறும் இடியப்பத்தைச் சாப்பிட்டுட்டு இரவில எல்லாத்தையும் சேர்த்துச் சாப்பிடுறது அவ்வளவு நல்லதில்லை. அதோட லைசின், மெதியோனின் எண்டு வேற ரெண்டு அமினோ அமிலம் இருக்கு, சோத்தில லைசின் குறைவு, பருப்பில அது நிறைய, பருப்பில மெதியோனின் குறைவு, அது சோத்தில இருக்கு. சோறும் பருப்பும், தோசையில அரிசியும் உழுந்தும் எண்டு எங்கட ஆக்கள் சேர்த்துச் சாப்பிட்டு வந்ததில இந்தக் குறை தன்பாட்டில சரியாகுது. ரெண்டையும் ஒரே நேரத்தில சாப்பிடவேணும் எண்டு கட்டாயமும் இல்லை, அந்த நாளுக்குள்ள ரெண்டும் போனாச் சரி. 2020 இல இறக்குமதியை நிப்பாட்டி உழுந்து விலை ஏறின நேரம் தோசை மாவில உழுந்தைக் குறைச்ச கடைகளும் வீடுகளும் இன்னும் அப்பிடியேதான் அரைக்கினம் போல இருக்கு, தோசையைச் சாப்பிட்டாலே விளங்குது, தயவுசெய்து உழுந்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவாங்கோ.

சைவத்தில இருந்துகொண்டு பலம் வராது எண்டு சொல்லுறவைக்கு ஒரு ஆய்வைச் சொல்லுறன். பிரேசில் சாவோ பாவுலோவில செய்தது, 2021 இல வெளிவந்தது. பால் கூட எடுக்காத முழுத் தாவர உணவுக்காரர் 19 பேர், எல்லாம் சாப்பிடுற ஆக்கள் 19 பேர், எல்லாரும் இளம் ஆம்பிளையள், ரெண்டு பகுதிக்கும் கிலோவுக்கு 1.6 கிராம் வாற மாதிரி ஒழுங்குபண்ணி, 12 கிழமை கால் பயிற்சி குடுத்தினம். முடிவில தசை கூடினதிலயும் பலம் கூடினதிலயும் ரெண்டு பகுதிக்கும் வித்தியாசம் வரேல்லை. அளவு சரியா இருந்தா எங்கயிருந்து வந்தது எண்டது பெரிய விஷயமில்லை எண்டதுதான் அதில இருந்து விளங்குறது. அந்த ஆய்விலயும் தாவர உணவுக்காரருக்குக் காணாத பங்கைச் சோயா பவுடராலதான் நிரப்பினவை, அதையும் சொல்லத்தான் வேணும். 2016 ரியோ ஒலிம்பிக்கில அமெரிக்காவுக்காகப் பாரம் தூக்கின கென்ட்ரிக் ஃபாரிஸும் முழுத் தாவர உணவுக்காரர்தான்.

அதுக்காகப் பவுடருக்கு நான் எதிரி இல்லை. வே புரோட்டீன் எண்டது பாலில இருந்து சீஸ் செய்யேக்க பிரியிற தண்ணியைக் காயவைச்சு எடுக்கிறது, ஒரு கரண்டியில 24 கிராம் அளவு இருக்கும், வேலைக்குப் போய் வந்து சமைக்க நேரமில்லாத பிள்ளைக்கு அது நல்ல உதவி. சீஸ் உறைய வைக்கிறதுக்குச் சில இடத்தில கண்டுக்குட்டியின்ட வயித்தில இருந்து எடுக்கிற ரெனெட்டைப் பாவிக்கினம், இப்ப கனக்க நுண்ணுயிரில செய்யிறதுதான், கண்டிப்பான சைவக்காரர் சைவக் குறி இருக்கா எண்டு பாத்து வாங்கவேணும். குளிசை, கப்சியூல் எண்டா ஜெலட்டின் உறை இருக்கா எண்டும் பாருங்கோ, அது மாட்டு எலும்பிலயோ பண்டித் தோலிலயோ செய்யிறது. இதையெல்லாம் எங்கட ஆக்கள் எப்பிடிப் பாக்கிறது? என்ட கண்ணில பட்ட டின்கள்ல எல்லாம் சின்ன எழுத்தில இங்கிலீஷ் மட்டும்தான். வயசுபோன அம்மா ஒருத்தி தன்ட பேரன் என்னத்தைக் குடிக்கிறான் எண்டு வாசிச்சு விளங்கிக்கொள்ளத் தமிழில ஒரு வரி கூட இல்லை. இறக்குமதி செய்யிறவை ஒரு ஸ்டிக்கராவது ஒட்டலாம். ஒரு பெரிய டின்னுக்குக் குடுக்கிற காசுக்கு ஒரு ஆளுக்கு மாசக்கணக்கில பருப்பும் கடலையும் சோயாவும் வாங்கலாம் எண்டதையும் ஜிம்ல இருக்கிற தம்பிமார் டின்னைக் காட்ட முதல் ஒருக்காச் சொல்லவேணும்.

புரோட்டீன் தவிர வேற ரெண்டு மூண்டு விஷயத்தில சைவக்காரர் உண்மையிலயே கவனமா இருக்கவேணும். பி12 விற்றமின் தாவரத்தில இல்லை, பால் தயிர் குறைவா எடுக்கிறவை இரத்தத்தில பாத்து டொக்டர் சொன்னா குளிசை எடுக்கவேணும், அது குறைஞ்சா களைப்பு, கை கால் விறைப்பு எல்லாம் வரும், ஜிம்மால வந்த களைப்பு எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திடுவீங்கள். பருப்பிலயும் கீரையிலயும் இருக்கிற இரும்புச்சத்து லேசில உறிஞ்சுப்படாது, சாப்பிட்ட கையோட தேத்தண்ணி குடிக்கிற பழக்கம் அதை இன்னும் குறைக்கும், ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடியுங்கோ, சாப்பாட்டோட தேசிக்காய் பிழிஞ்சா நல்லது. கிரியட்டின் எண்டது தசைக்குச் சட்டெண்டு சக்தி குடுக்க உதவுற ஒரு சாமான், இறைச்சி, மீனில இருக்கிறது, சைவக்காரரின்ட தசையில அது கொஞ்சம் குறைவாத்தான் இருக்கும், கடையில விக்கிறது இரசாயனமாச் செய்யிறது, மிருகத்தில இருந்து எடுக்கிறதில்லை, நாளைக்கு மூண்டு தொடக்கம் ஐஞ்சு கிராம்தான் வழமையான அளவு. அதை எடுத்துக்கொண்டு இரத்தம் சோதிச்சா, சிறுநீரகம் எப்பிடி வேலை செய்யுது எண்டு பாக்கிற கிரியட்டினின் அளவு கொஞ்சம் கூடிக் காட்டலாம், அதால டொக்டருக்கு முதலே சொல்லிப்போடுங்கோ.

விரதத்தையும் சொல்லாம விடேலாது. கந்தசஷ்டி ஆறு நாளும் ஒரு நேரச் சாப்பாட்டோட இருக்கிறவையும், பாலும் பழமும் மட்டும் எடுக்கிறவையும் எங்கட வீடுகள்ல இருக்கினம், நானும் இருக்கிறனான். விரதம் பிடிச்சா தசை எல்லாம் கரைஞ்சு போயிடும் எண்டு ஜிம்ல பயப்பிடுத்தினா நம்பாதீங்கோ, ஒரு கிழமையில பலம் அப்பிடிப் போறதில்லை. அந்த நாட்களில பாரத்தைக் குறைச்சு, கூடப் பாரம் ஒண்டும் முயற்சிக்காம, சாப்பிடுற அந்த ஒரு நேரத்தில பருப்பும் தயிரும் தாராளமா எடுத்தாக் காணும். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறவை மட்டும் விரதத்துக்கு முன்னமே டொக்டரோட கதைக்கவேணும், மருந்தை அதே அளவில போட்டுக்கொண்டு சாப்பிடாம இருந்து பயிற்சியும் செய்யிறது ஆபத்து.

சைவக்கடை முதலாளிமாரிட்டையும் ஒண்டு கேக்கிறன், அவையும் உங்கட பேப்பரைப் பாக்கிறவைதானே. காலி வீதி நெடுக எத்தனை சைவக்கடை இருக்கு, மத்தியானப் பார்சலில சோத்தை அவ்வளவு அமத்திப் போடுறீங்கள், ஒஃபிஸில இருந்து வாற பிள்ளையள் பாதியைக் கொட்டினம். சோத்தைக் குறைச்சு, கெட்டிப் பருப்பு ஒரு கப்பும் கடலையோ சோயாவோ ஒரு கறியும் கூட வைச்சு ஒரு பார்சல் போடுங்கோவன், கொஞ்சம் விலை கூட எண்டாலும் வாங்க ஆள் இருக்கு. பின்னேரத்தில வடையும் ரோல்ஸும் இருக்கிற கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில ஒரு சட்டி அவிச்ச கடலையும் இருக்கட்டும்.

ஆசிரியர் அவர்களே, ஆரோக்கியப் பக்கத்துக்கு எழுதுற டொக்டர்மாரிட்டையோ போஷாக்கு நிபுணர்மாரிட்டையோ கேட்டு ஒரு முழுப் பக்கம் போடுங்கோ. கிராம் கணக்கில மட்டும் இல்லாம, எங்கட வீட்டுக் கப், அகப்பை, சுண்டு அளவில எழுதச் சொல்லுங்கோ, எல்லா வீட்டிலயும் தராசு இல்லை. அதில ரெண்டு கேள்விக்குக் கட்டாயம் பதில் வேணும். சிறுநீரகத்தில கொஞ்சம் பழுது எண்டு சொல்லப்பட்டவை நான் மேல சொன்ன அளவில எடுக்கக்கூடாது, அவைக்குப் பொதுவா கிலோவுக்கு 0.8 கிராம் அளவிலயோ அதுக்குக் கீழயோதான் சொல்லுறது, டயலிசிஸ் செய்யிறவைக்கு மாறிக் கூட வேணும், அப்ப சீனியும் சிறுநீரகப் பிரச்சினையும் ரெண்டும் இருக்கிற, பாரம் தூக்கவும் வேணும் எண்டு டொக்டர் சொன்ன சைவக்காரர் ஒருத்தர் என்ன சாப்பிடுறது? மற்றது, எழுபது வயசுக்கு மேல, பல்லும் இல்லாம பசியும் குறைஞ்சு, ரெண்டு இடியப்பத்தோட எழும்புற எங்கட அம்மாமார் அப்பாமாருக்கு இந்தப் புரோட்டீனை எந்தச் சாப்பாட்டில, எப்பிடிக் குடுக்கிறது? அடுத்த மாசத்துக்குள்ள எண்டாலும் போட்டா நல்லது, என்னைப் போல கன பேர் வெட்டி வைச்சுக்கொள்ளுவினம்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
வெள்ளவத்தை, கொழும்பு 6.